இருபத்திரண்டு வீட்டுக்கு ஒரே நம்பர்

1

“…அதனாலதான் சொல்லுதேன், உன் நம்பரை மட்டும் எழுதாதே. பிழைச்சாலும் சரி, செத்தாலும் சரி, என் சங்கதி உன் நம்பருக்கு வர வேண்டாம்.”

செல்வராணி இதைச் சொன்னது வாயால் அல்ல, கையால். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. போன திங்கட்கிழமை காலை சயான் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், அட்மிஷன் கவுண்டருக்கு முன்னால் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கவுண்டரில் இருந்த மராட்டி அம்மா ஃபாரத்தை எங்கள் பக்கம் தள்ளி, ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார். “ரிலேடிவ் கா நம்பர். ஃபோன் எடுக்கிற ஆள் நம்பர்.” நான் வழக்கம்போல என் நம்பரை எழுதப் போனேன். அப்போதுதான் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு இதைச் சொன்னாள்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கைமொழியில் நீ, நீங்கள் என்று இரண்டு கிடையாது. விரலை நீட்டினால் முடிந்தது. மரியாதை எல்லாம் முகத்தில்தான். முன்பெல்லாம் செல்வராணி என்னைப் பார்த்து விரல் நீட்டினால் அதில் ஓர் ‘அண்ணே’ இருக்கும். இப்போது நான்கு வருடமாக இல்லை. அதனால்தான் ‘நீ’ என்றே எழுதியிருக்கிறேன். அவள் பேசுவதை நானாக நம்ம பக்கத்துத் தமிழுக்கு மாற்றி எழுதுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். என் தலைக்குள் அவள் அப்படித்தான் பேசுகிறாள். அவளும் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பிள்ளைதானே.

நான்கு வருடத்துக்கு முன்பு நான் உங்களுக்கு எழுதிய ஒரு ஜெபக் கடிதத்தில் இவளைப் பற்றி ஒரு வரி இருந்தது. ‘சகோதரி செல்வராணி கணவனை இழந்த துயரத்திலும் ஆறுதலோடு இருக்கிறார்கள், ஜெபியுங்கள்.’ நீங்கள் ஜெபித்தீர்கள். இரண்டு பேர் எனக்குப் பதிலும் போட்டீர்கள். அந்த வரி பொய். இந்தக் குறிப்பு அதைத் திருத்துவதற்காக.

2

நான் இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. வந்த புதிதில் தாராவியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தத்தான் நம்ம ஊர்ச் சபையார் அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்து கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பிரசங்கம் பண்ணுகிற நேரத்தில் விளையாட்டு என்ன என்று அதட்டினேன். அதில் ஒருவன் எழுந்து, தன் காதைக் காட்டி, கையை விரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வெட்கத்தில்தான் கைமொழி படிக்க ஆரம்பித்தேன். படிப்பு என்றால் பள்ளிக்கூடம் ஒன்றும் இல்லை. லோக்கல் டிரெயினில் அவர்கள் கூட்டமாகப் போகிற பெட்டியில் நானும் ஏறிக்கொள்வேன். சயானிலிருந்து டோம்பிவிலி வரை போனால் ஒரு வாக்கியம் படியும்.

எனக்குப் பழமொழி என்றால் உயிர். உங்களுக்குத் தெரியும். முதல் பிரசங்கத்தில் ‘செவிடன் காதில் ஊதின சங்கு’ என்று கையால் சொல்லிவிட்டேன். வாயில் வந்து வந்து பழகியது கையிலும் வந்துவிட்டது. கூட்டம் என்னைப் பார்த்தது. கோபப்படவில்லை. தோல் பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவன் முன்னால் வந்து கேட்டான்: “காதுல ஏன் ஊதுதான்? நெஞ்சுல வச்சு ஊதச் சொல்லு. நல்லாத் தெரியுமே.” அன்றிலிருந்து அந்தப் பழமொழி எனக்கு இல்லை. அதற்குப் பதிலாக அவர்கள் பழமொழி பத்து கிடைத்தது. லைட் போனால் பேச்சுப் போச்சு. முகத்தைத் திருப்பினவன் கதவைச் சாத்தினவன். அந்தத் தோல் பட்டறைக்காரன் சொன்னது இன்னொன்று: கேட்கிறவனுக்கு ரெண்டு காது, ஒண்ணுல கேட்டு இன்னொண்ணுல ஒளிச்சு வைப்பான்.

அவன் பெயர் அந்தோணி. செல்வராணியைக் கட்டியவன். அவனுக்கும் காது கேட்காது.

இப்போது எங்கள் சபை செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிறு மதியம் கூடுகிறது. பாஸ்டரும் காது கேளாதவர்தான். நான் அவருக்கு உதவி ஊழியன். நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுவோம், எல்லார் கையும் எல்லாருக்கும் தெரிய வேண்டுமே. ஜெபத்தில் யாரும் கண்ணை மூட மாட்டார்கள். மூடினால் ஆமென் எப்போது என்று எப்படித் தெரியும்? பாட்டு உண்டு. ஒரு பெரிய டிரம்மைத் தரையில் வைத்து அடிப்போம், அது காலில் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் மாதம் ஒரு தடவை வந்து சத்தம் போடுவார். அவர் சத்தம் என் ஒருவனுக்கு மட்டும்தான் கேட்கும்.

அந்த ஹாலில் ஒரு சட்டம் இருக்கிறது. நான் வருவதற்கு முன்பே அவர்கள் போட்டது. ‘பிறகு சொல்கிறேன்’ என்று யாரும் சொல்லக் கூடாது.

இது என்ன சட்டம் என்று நானும் முதலில் கேட்டேன். அந்தோணிதான் விளக்கினான். வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காருவார்கள். அப்பா ஏதோ சொல்வார், அக்கா சிரிப்பாள், அம்மா அழுவாள். இவன் அம்மா தோளைத் தட்டி ‘என்ன’ என்பான். அம்மா கையை ஆட்டுவாள். பிறகு. ஒன்றுமில்லை. பிறகு. “எங்க தாத்தா செத்தது எனக்கு மூணாம் நாள்தான் தெரியும். அழுத எல்லார்ட்டயும் கேட்டேன். எல்லாரும் பிறகு, பிறகுன்னாங்க.” இதைச் சொல்லும்போது அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சுற்றி நின்ற எல்லாருக்கும் அதே மாதிரி ஒரு கதை இருந்தது. ஒருவனுக்கு மாமா, ஒருத்திக்குச் சொந்தத் தங்கச்சியின் கல்யாணம்.

இந்தச் சட்டத்தின் மேல் நான் இரண்டு தடவை பிரசங்கமே பண்ணியிருக்கிறேன்.

3

கொரோனா வந்தது. மாஸ்க் போட்டதும் பாதி முகம் போனது, அதாவது பாதிப் பேச்சு போனது என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அதைப் பற்றிப் பேப்பரில் நிறைய வந்தது. வராத ஒன்றைச் சொல்கிறேன்.

ஹாலைப் பூட்டியதும் ஆராதனையை வீடியோவுக்கு மாற்றினோம். கட்டம் கட்டமாக முப்பது முகம். அந்த ஆப் எப்படி என்றால், யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களைப் பெரிதாகக் காட்டும். அதற்குச் சத்தம்தான் ஆள். பாஸ்டர் கட்டத்தில் உருகி உருகிப் பிரசங்கிப்பார். டோம்பிவிலியில் ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். உடனே பாஸ்டர் சுருங்கி, குக்கர் வீட்டு மாமி பெரிதாகிவிடுவார். அவருக்கு ஏன் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரியாது, சேலையைச் சரிசெய்வார். சுனாபட்டியில் எங்கள் தெரு நாய் குரைத்தால் நான் பெரிதாவேன். கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? பாஸ்டர் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, அவர் மனைவி கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தார். காது கேளாத ஒரு பெண், யாருக்கும் கேட்காத ஒரு சத்தத்தை, ஒரு மெஷினுக்காக ஒரு மணி நேரம் தட்டினார். அந்தோணி கட்டத்தில் இருந்து எழுதிக் காட்டினான்: ‘மெஷின் மட்டும்தான் சபையிலே செவிடு இல்லை.’

ஆனால் ஆஸ்பத்திரி விளையாட்டு இல்லை. வார்டு, டெஸ்ட், தனிமை முகாம், எல்லாவற்றிலும் ஒரு நம்பர் கேட்டார்கள். போலீஸ் பாஸ் வேண்டுமானாலும் நம்பர். எல்லாரும் ஃபோன் பண்ணித்தான் சொல்வார்கள், மெசேஜ் போட யாருக்கும் நேரம் இல்லை. எங்கள் சபையில் இருபத்திரண்டு குடும்பம். இருபத்திரண்டு குடும்பமும் என் நம்பரைக் கொடுத்தார்கள். தாராவியிலிருந்து ஃபோன் வரும், “பாய்சாப், உங்க பேஷண்ட் ரிப்போர்ட் பாசிட்டிவ்.” எந்தப் பேஷண்ட் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டும். வந்த செய்தியை அப்படியே வீடியோவில் கையால் சொல்வேன். நான் ஒரு குழாய். தண்ணீரைக் குடிக்கிற வேலை குழாய்க்கு இல்லை என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

என் மனைவி ஜெயா ஒரு நாள் சொன்னாள்: “இத்தனை பேர் உயிர் ஒரு ஃபோன்ல தொங்குது. சார்ஜ் இறங்கிடாம பார்த்துக்கிடுங்க.” அவள் சொன்னது பேட்டரியை.

4

இரண்டாம் அலையில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருந்த அந்தோணிக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு இழுக்கவே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் செல்வராணிக்கும் பாசிட்டிவ். அவளுக்குக் காய்ச்சல் லேசுதான். ஒரு பள்ளிக்கூடத்தைத் தனிமை முகாமாக மாற்றியிருந்தார்கள், அங்கே கொண்டுபோனார்கள். மகள் ஜாய்ஸுக்கு நெகட்டிவ். பத்து வயது. காது நன்றாகக் கேட்கும். அவளை நாங்கள் சுனாபட்டியில் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. ஒரு பெண் டாக்டர், களைத்த குரல். “அந்தோணி… உங்க பேஷண்ட். வீ ஆர் சாரி. பத்து இருபதுக்கு. ஃபார்மாலிட்டிக்கு ஆள் வரணும்.” சாகும் முன்பு அவன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னானாம், யாருக்கும் புரியவில்லையாம். அதையும் சொன்னார். நல்ல மனசு அவருக்கு. சொல்லாமலேயே விட்டிருக்கலாம்.

நான் சமையல் அறைக்குப் போய் ஜெயாவிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். முன்னறையில் ஜாய்ஸ் ஹெட்ஃபோன் போட்டு ஆன்லைன் கிளாஸில் இருந்தாள். காது கேளாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு, அதை நான் மறந்துவிட்டேன். வீட்டில் கதவு தட்டினால், பால் பொங்கினால், ஃபோன் அடித்தால், அவள்தான் வீட்டுக்குக் காது. அதனால் எப்போதும் ஒரு பக்க ஹெட்ஃபோனைத் தள்ளித்தான் வைத்திருப்பாள்.

வாசலில் வந்து நின்று கேட்டாள். “அங்கிள், பப்பா ஆஃப் ஹோ கயா க்யா?”

பம்பாயில் அப்படித்தான் சொல்வார்கள், ஆள் ஆஃப் ஆகிவிட்டான் என்று. பல்பைச் சொல்வது மாதிரி.

ஜெயா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அழுதாள், நிறுத்தினாள், அடுத்த கேள்வி கேட்டாள். “மம்மிட்ட யாரு சொல்லுவா?”

நான் சொன்னேன். இன்றைக்கும் என் காதில் என் குரல் கேட்கிறது. “மம்மிக்கு இப்ப வேண்டாம் கண்ணு. அங்க தனியா இருக்காங்க. பிறகு சொல்லலாம்.”

5

காரணம் கேட்டால் நிறைய வைத்திருந்தேன். செல்வராணிக்கு ஆக்ஸிஜன் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. அறையில் இருந்த மூன்று பெண்களுக்கும் கைமொழி தெரியாது. அழுதால் மூச்சு முட்டும் என்று முகாம் நர்ஸ் ஒரு தடவை பொதுவாகச் சொல்லியிருந்தார். எல்லாம் உண்மை. ஆனால் அடியில் இருந்த காரணம் வேறு. ஒரு சாவைக் காது கேட்கிறவர்களுக்குச் சொல்வதென்றால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லலாம், ஃபோனில் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். கையால் சொல்வதென்றால் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அந்த முகம் ஆவதை எல்லாம் நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு செல்வராணி வீடியோவில் வந்தாள். தினமும் அந்த நேரம் மகளைப் பார்ப்பாள். நான் ஃபோனை ஜாய்ஸிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து பிள்ளை கை மட்டும் தெரிந்தது. இடது கையில் ஃபோன், வலது கையால் பேச்சு.

அம்மா கேட்டிருப்பாள், அப்பா எப்படி என்று.

ஜாய்ஸ் கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

பத்து வயசுப் பிள்ளை வலது கையை வாய்க்குக் கொண்டுபோய், ‘சாப்பிட்டாங்க’ என்றாள்.

6

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடக்கம். நான்கு பேருக்கு அனுமதி. பிளாஸ்டிக் உடுப்பில் நான், இரண்டு முனிசிபல் ஆட்கள், மாட்டுங்காவில் இருந்து அந்தோணியின் முதலாளி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் அவசர அவசரமாக ஒரு சங்கீதம் வாசித்தேன், வாயால். வாசித்து முடித்தபிறகுதான் உறைத்தது, வாழ்நாளில் ஒரு சத்தமும் கேட்காதவனை நான் சத்தம் போட்டு அனுப்பிவைக்கிறேன் என்று. கையால் சொல்லியிருக்க வேண்டும். உடுப்புக்குள் என் கை இரண்டும் வேர்த்துப் போயிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் நான்கு வருடமாகச் சுமப்பது இதைத்தான். அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் அடக்கத்தை வீடியோவில் பார்த்தார்கள். சரியாகக் கேட்கவில்லை, காற்றுச் சத்தம், விட்டு விட்டு வருகிறது என்று அழுதார்கள். செல்வராணிக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தால் போதும். பக்கத்தில் நின்ற எங்கள் நான்கு பேரைவிட அவள் முழுசாகப் பார்த்திருப்பாள். என் பாக்கெட்டில் ஃபோன் இருந்தது. சார்ஜும் இருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு பாஸ்டருக்குச் செய்தி அனுப்பினேன், அந்தோணி அடக்கம் முடிந்தது என்று. செல்வராணிக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் சபை குரூப்பில் ஓர் ஆறுதல் வீடியோ போட்டார். டோம்பிவிலி, கல்யாண், புனே, எல்லா ஊர்க் காது கேளாதவர்களும் அதை அனுப்பிக்கொண்டார்கள். முகாமில் கட்டிலில் உட்கார்ந்து செல்வராணி அதைப் பார்த்தாள்.

எனக்கு வீடியோ அடித்தாள். எடுத்தேன். அவள் அழவில்லை.

“எப்போ?”

“நேத்து. காலைல பத்து இருபது.”

அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

“நாலு மணிக்கு ஜாய்ஸ் சொன்னது?”

நான் விரலை என் பக்கம் திருப்பினேன். 

“எங்கிட்ட நீ பொய் சொன்னா அது உன் பாவம். என் பிள்ளை கையை வச்சு சொல்ல வச்சிருக்கியே.”

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கேட்கிறவர்கள் ஃபோனை ஓங்கி வைப்பார்கள் அல்லவா, இவர்களுக்கு இது. திரையில் மூடிய கண்ணோடு ஒரு முகம். நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். யாருக்கு?

பின்னால் பாஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நீ வேணும்னு செய்யல. எனக்குத் தெரியும்” என்றார். “ஆனா ஒண்ணு. அவளுக்குத் தெரியாம வச்சிருக்கலாம்னு எங்க ஆட்கள்ல ஒருத்தனுக்காவது தோணியிருக்குமா? தோணாது. அதுக்குக் காது கேக்கணும்.”

7

அதற்கப்புறம் செல்வராணி சபைக்கு வராமல் இல்லை. வருவாள். பாஸ்டரைப் பார்ப்பாள். நான் மொழிபெயர்க்க எழுந்தால் பைபிளைத் திறந்து வைத்துக்கொள்வாள். எங்கள் சபையில் ஆளுக்கொரு கைப்பெயர் உண்டு. அவர்களே பார்த்து வைப்பது, நாமே வைத்துக்கொள்ள முடியாது. என் கைப்பெயர், தாடையில் இருக்கிற மச்சத்தை இரண்டு விரலால் தொடுவது. செல்வராணி அதை விட்டுவிட்டாள். என்னைக் குறிக்க வேண்டி வந்தால் ஒரு விரலைக் காதிலிருந்து வாய்க்குக் கொண்டுபோவாள். ‘கேட்கிறவன்’. தெருவில் போகிற எவனுக்கும் அந்தப் பெயர்தான்.

என் இடத்தில் அவள் ஜாய்ஸை வைத்தாள். ரேஷன் கார்டில் அந்தோணி பெயரை எடுக்க ஆறு தடவை அலைந்தார்கள். முதல் தடவை சாவுச் சான்றிதழில் பெயர் தப்பு, அடுத்த தடவை ஸ்டாம்ப் தெளிவில்லை. பள்ளிக்கூடத்தில் பேரண்ட்ஸ் மீட்டிங். டீச்சர் ஜாய்ஸைப் பற்றிக் குறை சொல்வார், ஜாய்ஸே அதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். முழுசாகச் சொன்னாளா என்று யாருக்குத் தெரியும். போன வருடம் லேபர் கேம்ப் சந்தில் அவளைப் பார்த்தேன். தமிழில் ஆரம்பித்தேன், அவள் இந்தியில் பதில் சொன்னாள். சபைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

“கிளாஸ் இருக்கு அங்கிள்.” கொஞ்ச தூரம் நடந்தாள். “மம்மிக்கு நான்தான் ஃபோன். பாக்கி எல்லார் ஃபோனும் ராத்திரி சார்ஜ்ல போட்டா ஓய்வு எடுக்கும். மேரா வோ பீ நஹி, எனக்கு அதுவும் கிடையாது.”

எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். புனேயில் வேலை. அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், இந்தக் குறிப்பையும் படிக்கப் போவதில்லை. முன்பு அதை நினைத்து உங்களுக்கு மூக்கால் அழுது எழுதியிருக்கிறேன். ஜாய்ஸைப் பார்த்தபிறகு அந்த அழுகையை விட்டுவிட்டேன். என் மகன் மொழியை விட்டான், போகட்டும். இந்தப் பிள்ளையின் கையில் அவள் அம்மாவின் மொழி முழுசாக இருக்கிறது. அதைப் பேசினாலே அவளுக்குக் கை வலிக்கிறது. அதில் முதல் வலி நான் கொடுத்தது.

8

ஆகவே போன வாரம் செல்வராணியிடமிருந்து மெசேஜ் வந்தபோது நான் இரண்டு தடவை படித்தேன். ‘திங்கள் 9 மணி. ஆஸ்பத்திரி. ஜாய்ஸுக்குப் பரீட்சை. பேச வாய் வேணும். வருவியா.’ ஜெயாவிடம் காட்டினேன். “கூப்பிட்டுட்டா, மனசு மாறிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க” என்றாள். “வாய் வேணும்னுதான் எழுதியிருக்கா.”

கவுண்டருக்குத் திரும்பி வருகிறேன். என் நம்பர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். ஜாய்ஸ் நம்பரை எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும், ஃபோன் அடிக்கும், யாரோ களைத்த குரலில் ‘உங்க பேஷண்ட்’ என்பார்கள். 

“ஜாய்ஸ் நம்பர் வேண்டாம்” என்றேன். “என் மேல கோபம் சரி. பிள்ளை மேல போடாதே. ஏதாவது ஒண்ணுன்னா அவ தாங்க மாட்டா.”

அவள் பேனாவைக் கவுண்டரில் வைத்துவிட்டு, பேச இரண்டு கையையும் எடுத்தாள்.

“என்னைப் பத்தியும் அப்படித்தான் நினைச்சே.”

அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன், பைபிளைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம். இப்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பயந்துதான் சொல்லவில்லை, உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன் என்றேன். அவள் தலையசைத்தாள். தெரியும் என்கிற தலையசைப்பு. சரி என்கிற தலையசைப்பு இல்லை.

பின்னால் வரிசை முனகியது. கவுண்டர் அம்மா, “க்யா டைம் பாஸ் கர்ரேலே, நம்பர் லிக்கோ, சீக்கிரம் எழுதுங்க, இன்னைக்கே என் தலையைத் தின்னுறாங்க” என்று இந்தியிலும் மராட்டியிலுமாகச் சொன்னார். நான் அதை ஒரு சொல் விடாமல் கையால் சொன்னேன், தலையைத் தின்பது உட்பட. செல்வராணி அந்த அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, ஃபாரத்தை இழுத்து ஒரு நம்பரை எழுதினாள்.

கவுண்டர் அம்மா படித்தார். “யே கிஸ்கா?”

நான் எட்டிப் பார்த்தேன். “இவங்க நம்பர்தான்.”

“இவங்களுக்குத்தான் கேட்காதே. ஃபோன் எப்படி எடுப்பாங்க?”

சொன்னேன். அவள் கையால் பதில் சொல்ல, நான் குரல் கொடுத்தேன். மொழிபெயர்க்கிற எங்களுக்கு ஒரு விதி உண்டு. அவர்கள் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். “ஃபோன் வேண்டாம், மெசேஜ் பண்ணுங்க, நான் படிப்பேன்.”

“ஆபரேஷன்ல மயக்கத்துல கிடப்பாங்க. அப்ப ஏதாவது ஆச்சுன்னா?”

“அவசரம்னா டாக்டர் பார்த்து முடிவு பண்ணட்டும். மத்தபடி நான் முழிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். முழிச்சதும் எங்கிட்ட எழுதிக் காட்டட்டும். என் சங்கதி முதல்ல எனக்கு வரணும். முழிக்கலேன்னா பாஸ்டருக்கு மெசேஜ் போடுங்க, அடுத்த கட்டத்துல அவர் நம்பர் எழுதுதேன். இந்த ஆளுக்கு வேண்டாம்.”

“எந்த ஆளுக்கு?” என்றார் கவுண்டர் அம்மா.

“எனக்கு” என்றேன். சொல்லிவிட்டு விளங்கவில்லையோ என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். “இதோ, இந்த எனக்கு.”

அவர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பின்பு என்ன நினைத்தாரோ, மேஜையில் இருந்த தன் சொந்த ஃபோனை எடுத்து, ஃபாரத்தில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாக அடித்தார். நம்பர் சரிதானா என்று பார்க்க வேண்டுமே. செல்வராணியின் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. அவள் அதை எடுத்து, அழைப்பை வெட்டிவிட்டு, கட்டைவிரலால் அடித்து அனுப்பினாள். கவுண்டர் அம்மா ஃபோனில் சத்தம் வந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார். “மை செல்வராணி. போலோ.” நான் செல்வராணி, சொல்லுங்க என்று.

செல்வராணி பேனாவை மூடி வைத்தாள். கவுண்டர் விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், அந்த அம்மா பதில் அடிப்பதற்காக அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.